பண்ணைக்குத் தொழில் பழக வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விருத்தாசலம் பக்கம் இருக்கிற எங்கள் கொல்லைக்கு ஆண்டுதோறும் சில பிள்ளைகள் தொழில் பழக வருகிறார்கள். உழைக்க அஞ்சாதவர்கள். விடியலில் எழுந்திரு, சொன்ன நேரத்துக்கு வா என்றெல்லாம் அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் இளவயதில் சறுக்கிய இடங்களிலேயே அவர்களும் சறுக்குவதைப் பார்க்கும்போதுதான் மனசு கேட்பதில்லை.

அறுவடைக்கு முன்பே கிளம்புவது

மார்கழியில் மல்லாட்டை (நிலக்கடலை) விதைக்கும்போது வருவார்கள். விதைநேர்த்தி, விதைப்பு, முதல் களை எல்லாவற்றிலும் ஆர்வமாகக் கைகொடுப்பார்கள். 40, 45ஆம் நாளில் எக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைப்பதையும் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்வார்கள். அதன்பின் பூவிலிருந்து காயாகப் போகும் விழுது மண்ணுக்குள் இறங்கும், மண்ணைக் கிளறக் கூடாது. தண்ணீர் கட்டுவதும் பூச்சி, நோய் வருகிறதா என்று பார்ப்பதும்தான் மிச்சம். உடனே, "அண்ணே, கத்துக்கிட்டேன், கிளம்புறேன்" என்பார்கள். எனக்கு இன்றும் கோபம் வருவது இந்த இடத்தில்தான். மல்லாட்டையில் காசு நிற்பதும் போவதும் கடைசி இருபது நாளில்.

பண்ருட்டிப் பக்கத்துத் தம்பி ஒருவர் அப்படித்தான் போனார். ஆடியில் குத்தகைக்கு நிலம் பிடித்து மானாவாரியாக விதைத்தார். பயிர் நன்றாகவே வந்தது. 105 நாள் ரகம் என்று காலண்டரில் வட்டம் போட்டுவிட்டு அந்த நாளுக்காகக் காத்திருந்தார். அங்கங்கே இரண்டு செடியைப் பிடுங்கி, காயை உடைத்து, ஓட்டின் உட்புறம் கறுத்துக் காய் முற்றியிருக்கிறதா என்று பார்க்க அவருக்குத் தெரியாது. அந்த வேலை நடக்கும்போது அவர் எங்களோடு இல்லையே! காய் முன்னதாகவே முற்றிவிட்டது. ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டது. கொத்து ரகங்களுக்கு விதை உறக்கம், அதாவது முற்றிய பின் முளைக்காமல் கிடக்கும் காலம், குறைவு. முற்றிய காய் ஈரமண்ணில் கிடந்தால் அங்கேயே முளைவிடும். முளைத்தது போக மிஞ்சியதையும் அரைகுறையாகக் காயவைத்து மூட்டை கட்டினார். ஈரப்பதம் 8, 9 சதவீதத்துக்கு இறங்காத காயில் பூஞ்சணம் பிடிக்கும், அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு சேரும். நன்றாகக் காய்ந்த காயைக் குலுக்கினால் பருப்பு ஓட்டுக்குள் கடகடவென்று ஆடும். அவருடைய காய் ஆடவில்லை. விலையைக் குறைக்க வியாபாரிக்கு அதுவே போதுமாக இருந்தது. குத்தகைப் பணம்கூடத் தேறவில்லை.

விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு ஒரே ஒருமுறை எங்களோடு வந்திருக்கலாம். ஒரே ஊர்க் காய்க்கு, ஒருவர் கேட்கும் விலை மற்றவருக்குத் தெரியாத மறைமுக ஏலத்தில் குவியலுக்குக் குவியல் விலை ஏன் மாறுகிறது என்று கண்ணால் பார்த்திருப்பார். சேரும்போதே கேளுங்கள்: "எடை போட்டுப் பணம் வாங்கும் நாள்வரை என்னைக் கூட வைத்துக்கொள்வீர்களா?" முடியாது என்கிற பண்ணைக்குப் போகாதீர்கள்.

பணம் பேசாமல் சேருவது

கூலி உண்டா, சாப்பாடும் தங்க இடமும் மட்டுமா? முதல் நாளே பேசுங்கள்.

மரப்பயிரை மட்டும் பழகுவது

முந்திரி, பலா என்று பண்ருட்டிக்கே போகிறவர்கள் உண்டு. நல்லதுதான். ஆனால் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரில் கரையேறியபோது அந்தத் தோப்புகள் வேரோடு சாய்ந்தன. முந்திரி ஒட்டுக்கன்று நட்டாலும் காய்ப்புக்கு வர மூன்றாம் ஆண்டாகும். அதுவரை வீட்டில் உலை கொதிக்க ஒரு குறுகிய காலப் பயிரும் கைவசம் இருக்க வேண்டும். வீராணம் பாசனப் பகுதியில் ஒரு போகம் நெல்லும் பழகிவிட்டு வாருங்கள்.

சான்றிதழோடு நிறுத்திக்கொள்வது

விருத்தாசலத்திலும் புதுச்சேரி குரும்பாபேட்டிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. பயிற்சிக்குக் கட்டாயம் போங்கள். ஒரு போகம் கையால் செய்து பார்த்த பிறகு மறுபடியும் போங்கள். விஞ்ஞானிகளிடம் கேட்க உருப்படியான கேள்விகள் அப்போதுதான் இருக்கும்.

பாதுகாப்பு இல்லாமல் மருந்து தெளிப்பது

கையுறையும் முகக்கவசமும் தராத இடத்தில் ஸ்பிரேயரைத் தோளில் மாட்டாதீர்கள்.