காட்டன் என்றால் பருத்தியல்ல: ஆங்கில ஊர்வழிக் குடும்பப்பெயர்களுக்குப் பொருள் காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருச்சியை அடுத்த முக்கொம்பில் 1836ஆம் ஆண்டில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டும் பணியைத் தொடங்கிய ஆர்தர் காட்டனைக் காவிரிப் பாசன மக்கள் நன்கு அறிவார்கள். அவருடைய முன்னோர் பருத்தி வணிகர்களாக இருந்ததால்தான் அந்தக் குடும்பத்துக்கு அப்பெயர் வந்தது என்ற விளக்கத்தை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை கேட்டிருக்கிறேன். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் பிழை. பருத்தியைக் குறிக்கும் காட்டன் என்ற சொல் அரபு மொழியின் ‘குத்ன்’ என்பதிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. குடும்பப்பெயரான காட்டனோ, ஸ்டாஃபர்ட்ஷயர், கேம்பிரிட்ஜ்ஷயர் போன்ற கவுண்டிகளில் (இங்கிலாந்தின் மாவட்டங்களில்) காட்டன், கோட்டன் என்று வழங்கும் சிற்றூர்களின் பெயர். பழைய ஆங்கிலத்தில் ‘காட்’ என்றால் குடிசை. அதன் பன்மை வேற்றுமை வடிவமான ‘காட்டும்’, ‘குடிசைகள் இருக்குமிடத்தில்’ என்று பொருள்படும். இதிலும் ஒரு விலக்கு உண்டு. சஃபோக் கவுண்டியிலுள்ள காட்டன் என்ற ஊர், குடிசையிலிருந்து அல்லாமல், ஒரு மனிதனின் பெயரிலிருந்து பிறந்ததாக ஊர்ப்பெயர் ஆய்வாளர் கருதுகின்றனர். எழுத்து ஒன்றாக இருப்பதை வைத்துப் பிறப்பும் ஒன்று என்று முடிவுகட்ட முடியாது.

இன்றைய ஆங்கில அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு பழைய ஊர்ப்பெயருக்குப் பொருள் சொல்வதுதான் இத்துறையில் மிகப் பரவலான தவறு. வாஷிங்டன் என்ற பெயரில் துணி வெளுப்பவர் யாரும் இல்லை. வாஸ்ஸா என்றோ அதற்கு நெருங்கிய பெயருடனோ இருந்த ஒருவரின் வழியினருக்குரிய பண்ணை என்பதே அதன் பொருளாகக் கொள்ளப்படுகிறது. இறுதியில் வரும் ‘டன்’ என்பதை நகரம் என்று பெயர்ப்பதும் சரியல்ல. அப்பெயர்கள் உருவான காலத்தில் அச்சொல் வேலியடைத்த பண்ணையையோ சிற்றூரையோதான் குறித்தது. ராம்ஸ்பாட்டம், ஹிக்கின்பாட்டம் போன்ற பெயர்களைக் கேட்டு ஆங்கிலேயர்களே சிரிப்பதுண்டு. அங்கே ‘பாட்டம்’ என்பது பள்ளத்தாக்கின் அடித்தரையைக் குறிக்கும் சொல்லேயன்றி வேறில்லை. ‘வெல்’ என்று முடியும் பெயர்களில் அது பெரும்பாலும் தோண்டிய கிணற்றைக் குறிப்பதில்லை. தானே ஊறும் சுனையையோ ஓடையையோ குறிக்கிறது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்டு இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல்லின் பெயருக்குப் பொருள் குளிர்ந்த சுனை. இதே இரு சொற்கள் தென்கிழக்கே எசெக்ஸில் சாட்வெல் என்ற ஊராகியிருக்கின்றன. வடக்கில் ‘க’வாக நின்ற ஒலி தெற்கில் ‘ச’வாக மாறியது. ஆகவே சாட்வெல் என்ற பெயரைப் பார்த்ததும் சாட் என்ற புனிதரின் சுனை என்று எழுதிவிடுவதற்கு முன், அவ்வூரின் பெயர் பழைய ஆவணங்களில் எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

அடுத்த தவறு, பெயருக்குரிய ஊரை வரைபடத்தில் கண்ட மாத்திரத்தில் இதுதான் பூர்வீகம் என்று அறிவித்துவிடுவது. கால்டுவெல் என்ற ஊர் வடக்கு யார்க்‌ஷயரிலும் உண்டு, ஸ்காட்லாந்தின் ரென்ஃப்ரூஷயரிலும் உண்டு. நம் கால்டுவெல் அயர்லாந்தில் பிறந்தவர், பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். அவரை யார்க்‌ஷயர் ஊருடன் இணைப்பதற்குப் பெயரொற்றுமையைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. புதுப்பண்ணை என்று பொருள்படும் நியூட்டன், வடபண்ணையாகிய நார்ட்டன், தென்பண்ணையாகிய சட்டன் ஆகியவை இங்கிலாந்து முழுவதும் சிதறிக் கிடக்கும் ஊர்ப்பெயர்கள். இவற்றைக் குடும்பப்பெயராகக் கொண்டவர்கள் அனைவருக்கும் ஒரே மூதாதை இருந்ததாக நினைப்பதற்கு இடமே இல்லை.

ஊரின் பெயர் எவருக்கு, எப்போது ஒட்டியது என்பதிலும் குழப்பம் உண்டு. யார்க் நகரத்துக்குள் வாழும் ஒருவரை ‘யார்க்காரர்’ என்று அழைப்பதால் யாருக்கும் அடையாளம் தெரியாது. அவர் வேறு ஊரில் குடியேறிய பின்னரே அப்பெயர் பயன்படும். எனவே சாதாரணக் குடிமக்களைப் பொறுத்தவரை ஊர்வழிப் பெயர், அவர்கள் விட்டுவந்த ஊரையே பெரும்பாலும் சுட்டுகிறது. நிலக்கிழார்களிடம் இது தலைகீழாக நடந்தது. ஹார்ட்பர்ன் என்ற ஊரின் பெயரோடு வழங்கிய வில்லியம் என்பவர் தம் நிலத்தைக் கொடுத்து அதற்கு ஈடாக வடகிழக்கு இங்கிலாந்திலுள்ள வாஷிங்டன் என்ற ஊரைப் பெற்றார். டர்ஹாம் ஆயரின் (பிஷப்பின்) நிலங்களைக் கணக்கெடுத்த 1183ஆம் ஆண்டுப் பதிவேட்டில் இச்செய்தி இருக்கிறது. ஊர் மாறியதும் குடும்பத்தின் பெயரும் மாறியது. அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவரின் பெயர் அந்த நில மாற்றத்தின் விளைவு. அந்த ஒரு பரிமாற்றம் நடக்காமல் இருந்திருந்தால் அமெரிக்கத் தலைநகரத்தின் பெயர் ஹார்ட்பர்ன் என்று இருந்திருக்கலாம்.

ஊர்வழிப் பெயர்களையும் இடத்தின் இயல்பைச் சொல்லும் பெயர்களையும் ஒன்றாகக் கலப்பது நுணுக்கமான தவறு. ஹில், வுட் போன்றவற்றுக்கு வரைபடத்தில் ஊர் தேட வேண்டியதில்லை. குன்றின் அருகில் வசித்தவர், காட்டோரத்தில் வசித்தவர் என்பதே போதும். நாஷ் என்ற பெயரைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ‘ஆஷ்’ என்பது ஒருவகை மரம். அம்மரத்தடியில் குடியிருந்தவரை இடைக்கால ஆங்கிலத்தில் ‘அட்டென் ஆஷ்’ என்றார்கள். பேச்சில் முதற்சொல்லின் ஈற்றிலிருந்த ‘ன்’ அடுத்த சொல்லுடன் ஒட்டிக்கொள்ள, ‘அட்டெ’ உதிர்ந்து நாஷ் மட்டும் எஞ்சியது. ஓக் மரங்களின் அருகில் இருந்தவர் இதே வழியில் நோக்ஸ் ஆனார்.

எழுத்துக்கூட்டல் முற்காலத்தில் நிலைபெற்றிருக்கவில்லை என்பதையும் மறக்கலாகாது. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். லெஸ்டர் என்ற பெயர் லெய்செஸ்டர் என்று எழுதப்படும் நகரத்தின் பேச்சொலி. விண்டம் என்ற பெயர் விமோண்ட்ஹாம் என்று எழுதப்படும் நார்ஃபோக் ஊரின் பேச்சொலி. டேன்ட்ரீ என்ற பெயருக்கு மரத்துடன் தொடர்பில்லை, அது டேவென்ட்ரி என்று எழுதப்படும் ஊரின் பேச்சொலி.

குடும்பப்பெயருக்கென்று கேடயச் சின்னம் அச்சடித்து விற்பவர்களிடம் ஏமாறுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்தில் அச்சின்னங்கள் தனிமனிதருக்கும் அவருடைய ஆண்வழி வாரிசுகளுக்கும் வழங்கப்பட்டவை. ஒரு பெயரைத் தாங்கிய எல்லோருக்கும் பொதுவானவையல்ல.

பெயர் இருக்கும் இடத்திலெல்லாம் இரத்த உறவும் இருக்கும் என்ற நம்பிக்கைதான் மிகவும் சேதம் விளைவிப்பது. 2000ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வாஷிங்டன் என்ற குடும்பப்பெயர் கொண்டவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். அடிமையாகப் பிறந்த புக்கர் டி. வாஷிங்டன், பள்ளியில் பெயர் கேட்கப்பட்டபோது தாமே அப்பெயரைச் சூட்டிக்கொண்டார். இங்கிலாந்துக்குள்ளேயும் இதற்குச் சான்று உண்டு. தேவாலயங்கள்தோறும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்யுமாறு 1538இல் ஆணையிட்டுப் பிற்கால வமிசாவளி ஆய்வுக்கே வழிவகுத்தவர் மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல். வளைந்தோடும் ஓடை என்று பொருள்படும் கிராம்வெல், நாட்டிங்ஹாம்ஷயரிலுள்ள ஓர் ஊரின் பெயர். தாமஸின் சகோதரி மார்கன் வில்லியம்ஸ் என்ற வேல்ஸ்காரரை மணந்தார். அவர்களுடைய மகன் ரிச்சர்ட் தாய்மாமனின் பெயரை எடுத்துக்கொண்டார். அந்த ரிச்சர்டின் கொள்ளுப்பேரன்தான் மன்னர் முதலாம் சார்லஸின் மரண தண்டனை ஆணையில் கையொப்பமிட்ட ஆலிவர் கிராம்வெல். ஆண்வழியில் பார்த்தால் அவர் வில்லியம்ஸ். அந்தக் குடும்பத்தின் சட்ட ஆவணங்களில், நம் பத்திரங்களில் இன்றும் எழுதுவதைப் போலவே, ‘கிராம்வெல் என்கிற வில்லியம்ஸ்’ என்று தலைமுறை கடந்தும் எழுதிவந்தார்கள்.