11 அணிகளுக்குப் போட்டி நிரல் வரைதல்: வன்னியின் வலயமட்டப் போட்டிகளுக்காக

இலங்கையின் வன்னியில், பாடசாலைகளுக்கிடையே கல்வி வலயமட்டத்தில் நடைபெறும் கரப்பந்தாட்டத்துக்கு நிரல் வரையும் ஆசிரியர் இரண்டு கேள்விகளை ஒன்றோடொன்று கலக்காமல் வைத்திருக்க வேண்டும். யார் யாருடன் ஆடுவது என்பதைச் சீட்டு முடிவு செய்யட்டும்; எத்தனை மணிக்கு ஆடுவது என்பதில் மட்டும் தூரத்தையும் பேருந்தையும் பார்க்கலாம். தூரத்தைக் காட்டி எதிரணியை மாற்றத் தொடங்கினால், அந்த நிரலை எவரும் நம்பமாட்டார்கள்.

பட்டியலை மாவட்டத்தை வைத்தன்றி வலயத்தை வைத்தே தொடங்க வேண்டும். முல்லைத்தீவு மாவட்டத்தில் முல்லைத்தீவு, துணுக்காய் என இரண்டு கல்வி வலயங்கள் இருப்பதால், புதுக்குடியிருப்பு அணியும் மல்லாவி அணியும் ஒரே மாவட்டத்தவையாயினும் வலயமட்டத்தில் சந்திப்பதில்லை. வென்று மேலேறினால் மாகாண மட்டத்தில் சந்திக்கலாம்.

11 பாடசாலைகள் பதிந்துள்ளன என்று கொள்வோம். தோற்ற அணி விலகும் நொக்அவுட் முறையில், அணிகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்தால் வருவதே போட்டிகளின் எண்ணிக்கை என்பதால், இங்கு 10 போட்டிகள் நடைபெறும். 11ஐ அடுத்து வரும் இரண்டின் அடுக்கு 16 ஆகையால், முதற் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குச் செல்லும் ‘பை’ ஐந்து அணிகளுக்குக் கிடைக்கும். மேற்பாதியில் 1 முதல் 6 வரையும் கீழ்ப்பாதியில் 7 முதல் 11 வரையும் எழுதி, கீழ்ப்பாதியின் கடைசி, மேற்பாதியின் முதல், கீழ்ப்பாதியின் முதல், மேற்பாதியின் கடைசி, மீண்டும் கீழ்ப்பாதியின் கடைசிக்கு முந்தியது என்ற ஒழுங்கில் 11, 1, 7, 6, 10 ஆகிய இலக்கங்களுக்குப் பை வழங்க வேண்டும். எஞ்சும் 2–3, 4–5, 8–9 என்பனவே முதற் சுற்று. சென்ற ஆண்டு முதலிடம் பெற்ற அணியை 1இலும் இரண்டாமிடம் பெற்றதை 11இலும் இருத்தினால், அவை இறுதிப் போட்டிக்கு முன் மோதமாட்டா. மற்ற இலக்கங்களைப் பொறுப்பாசிரியர்கள் அனைவரும் பார்த்திருக்கச் சீட்டிழுத்தே நிரப்ப வேண்டும்.

இனி நேரம். இரண்டு ஆடுகளங்கள் இருந்தால், முதற் சுற்றின் மூன்று போட்டிகளோடு, பை பெற்ற 10உம் 11உம் நேரடியாக மோதும் காலிறுதியையும் சேர்த்து நான்காக்கி, இரண்டு இரண்டாக நடத்தலாம். அவ்விரு அணிகளும் எவருடைய முடிவுக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. புதுக்குடியிருப்பில் போட்டி நடைபெறும்போது, கொக்கிளாய்ப் பக்கத்துப் பிள்ளைகள் விடியுமுன் புறப்பட்டு முல்லைத்தீவு நகரூடாக வந்து சேர வேண்டியிருக்கும். அவர்களுடைய போட்டியை இந்த நான்கில் பின்னிரண்டில் ஒன்றாக வைப்பது எந்த அணிக்கும் அநீதியாகாது. ஒருமுறை பேருந்து பிந்தியதால் களத்தில் இறங்காமலே தோற்றதாக அறிவிக்கப்பட்ட ஓர் அணியின் பிள்ளைகள், சீருடையோடு வேலியோரம் நின்று மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டபின், நேரத்தாளைச் சாதாரண காகிதமாக என்னால் நினைக்க முடியவில்லை. முதற் சுற்றில் ஆடிய அணிக்குக் காலிறுதிக்கு முன் ஓய்வு கட்டாயம் வேண்டும். நண்பகல் வெயிலில் அடுத்தடுத்து ஆடவிடலாகாது.

நாள் குறிக்கும்போது வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலையும், ஜூலை 2, ஆகஸ்ட் 15 ஆகிய மடு மாதா கோயில் திருவிழா நாள்களையும் தவிர்க்க வேண்டும். அந்நாள்களில் பிள்ளைகளும் வரமாட்டார்கள், வாகனமும் கிடைக்காது. ஒக்டோபருக்குப் பின் மாரி மழையில் மைதானங்களில் வெள்ளம் நிற்கும் என்பதால், வெளிக்களப் போட்டிகளை அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

அணி பிந்தினால் எத்தனை நிமிடம் காத்திருப்பது என்பதைச் சீட்டிழுக்கும் முன்பே எழுதி வாசித்து, எல்லாப் பொறுப்பாசிரியர்களிடமும் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள்.