ஆடுகளுக்குக் குடற்புழு நீக்கம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேச்சேரிச் செம்மறியானாலும் சேலம் கருப்பு வெள்ளாடானாலும், மழைக்காலத்தில் அவற்றை அதிகம் வாட்டுவது, நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் என்னும் உருண்டைப்புழுவே ஆகும். புழுக்கையில் புழு தென்பட்டால்தான் மருந்து என்று காத்திருப்பது பெருந்தவறு. அங்கே வெள்ளைத் துணுக்குகளாகத் தெரிபவை பெரும்பாலும் நாடாப்புழுவின் துண்டுகள். ஹீமாங்கஸின் முட்டைகளையோ நுண்ணோக்கியில்தான் காண முடியும். கழிச்சல்கூட இல்லாமல், கீழிமையின் உட்புறம் வெளுத்து, தாடைக்கடியில் நீர்கோத்து வீங்கும் நிலைக்கு ஆடு வந்துவிடலாம். ஆகவே புழுக்கையைக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்துப் பரிசோதிப்பதும், வாரந்தோறும் இமையைப் புரட்டிப் பார்ப்பதும் அவசியம்.

எடை பார்க்காமல் கண்மதிப்பில் மருந்து ஊற்றுவதே இத்தகைய தவறுகளுள் மிகுந்த தீங்கு விளைவிப்பது என்பேன். அளவு குறைந்தால் மருந்தைத் தாங்கக்கூடிய புழுக்கள் மட்டும் உயிர் பிழைத்து முட்டையிடும். ஒரு பெண்புழு ஒரே நாளில் 5,000 முட்டைகளுக்கு மேல் இடக்கூடியது என்பதால், சில பருவங்களிலேயே அந்த மருந்து பட்டியில் பயனற்றுப் போகும். வெள்ளாட்டின் உடல் அல்பெண்டசோல் போன்ற மருந்துகளைச் செம்மறியைவிட விரைவாகச் சிதைத்துவிடுவதால், இரண்டையும் சேர்த்து மேய்ப்பவர்கள் செம்மறிக்குரிய அளவையே வெள்ளாட்டுக்கும் கொடுப்பது போதாது. சரியான அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். சினையின் முதல் மாதத்தில் அல்பெண்டசோலைத் தவிர்க்க வேண்டும். புட்டியைக் குலுக்காமல் ஊற்றுவதும், தலையை அண்ணாத்திப் பிடித்து ஊற்றி மருந்தை நுரையீரலுக்குள் செலுத்திவிடுவதும் எளிதில் தவிர்க்கக்கூடியவை.

மந்தை முழுவதற்கும் ஒரே நாளில் மருந்து கொடுத்து, உடனே புதிய மேய்ச்சல் நிலத்துக்கு ஓட்டுவது நல்ல பழக்கமாகத் தோன்றினாலும், மருந்துக்கு அடங்காத புழுக்களின் முட்டைகளை மட்டுமே அந்நிலத்தில் விதைப்பதாக அது முடியும். இமை வெளுத்தவற்றுக்கும் மெலிந்தவற்றுக்கும் மட்டும் கொடுத்து, திடமானவற்றை விட்டுவைத்தால், மருந்துக்கு மடியும் புழுக்களும் நிலத்தில் எஞ்சியிருந்து, அடங்காதவை மட்டுமே பெருகுவதைத் தடுக்கும்.

ஏற்காட்டுச் சரிவுகளில் பனி காயுமுன் மேய விடுவதும் கேடு. தொற்றும் நிலையிலுள்ள இளம்புழுக்கள் ஈரத்தைப் பற்றியே புல்நுனிக்கு ஏறுகின்றன. சந்தையில் வாங்கிய ஆட்டை அன்றே பட்டியில் சேர்க்காமல் தனியே கட்டி, மருந்து கொடுத்து, இரண்டு வாரங்கள் கழித்துப் புழுக்கையை மீண்டும் பரிசோதித்த பிறகே மற்றவற்றுடன் விட வேண்டும்.