பெருக்குவதற்கு முன்: சார்பிலா நிகழ்ச்சிகளும் சார்ந்த நிகழ்ச்சிகளும்

நிகழ்தகவுக் கணக்குகள் தவறுவது பெரும்பாலும் பெருக்கத் தெரியாததால் அன்று. பெருக்கலாமா என்று கேட்காமலே பெருக்கிவிடுவதால்தான். ஒரு நிகழ்ச்சி நடந்தது என்ற செய்தி மற்றொன்றின் நிகழ்தகவைச் சற்றும் மாற்றாதபோதே அவ்விரண்டும் சார்பிலா நிகழ்ச்சிகள் ஆகின்றன. அப்போது மட்டுமே, இரண்டும் சேர்ந்து நிகழும் நிகழ்தகவு தனித்தனி நிகழ்தகவுகளின் பெருக்கற்பலனுக்குச் சமமாகும்.

ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகளைச் சார்பிலாதவை என்று எண்ணுவது மிகப் பரவலான குழப்பம். நாணயத்தை ஒருமுறை சுண்டுகையில் தலை விழுந்தால் பூவின் நிகழ்தகவு சுழியாகிவிடுகிறது; இதைவிட வலுவான சார்பு ஏது?

இதற்கு எதிரான தவறு, ஒரே சோதனையில் எழுபவை எல்லாம் சார்ந்தவையே என்று முடிவு கட்டுவது. பகடையை ஒருமுறை உருட்டினால் இரட்டை எண் விழ நிகழ்தகவு 1/2. 4 அல்லது அதற்குக் குறைந்த எண் விழ 2/3. இரண்டுக்கும் பொதுவானவை 2, 4 ஆகிய எண்களே என்பதால் சேர்ந்து நிகழும் நிகழ்தகவு 1/3, பெருக்கற்பலனும் அதுவே. ஆகவே இவை சார்பிலாதவை. ஆனால் 4 என்பதை 3 என்று மாற்றினால் பெருக்கற்பலன் 1/4 ஆகிறது, பொதுவான எண்ணோ 2 மட்டும் என்பதால் உண்மையான நிகழ்தகவு 1/6. ஓர் எண்ணை மாற்றியதுமே சார்பு வந்துவிட்டது. உள்ளுணர்வு இதை ஒருபோதும் காட்டித் தராது என்பதால்தான் கணக்கிட்டுப் பார்க்கும்படி வற்புறுத்துகிறேன்.

52 சீட்டுகளில் ஒன்றை எடுத்துத் திரும்ப வைக்காமல் அடுத்ததை எடுத்தால், இரண்டும் ஏஸ் ஆக நிகழ்தகவு 1/221. திரும்ப வைத்துக் கலைத்தால் 1/169. இது பலருக்கும் தெரியும். முதல் சீட்டைப் பார்க்காமல் கவிழ்த்து வைத்துவிட்டு, இரண்டாவது ஏஸ் என்று அறிந்தால், முதலாவது ஏஸாக இருக்கும் நிகழ்தகவும் 4/52இலிருந்து 3/51 ஆகிவிடும் என்பதைத்தான் பலர் ஏற்கத் தயங்குகிறார்கள். சார்பு என்பது தகவலைப் பற்றியது; எது முன், எது பின் என்பதைப் பற்றியது அன்று.

1999ஆம் ஆண்டு இங்கிலாந்தில், இரு கைக்குழந்தைகளை இழந்த தாய் ஒருவர் மீதான கொலை வழக்கில், ஒரு குழந்தை காரணம் தெரியாமல் இறக்கும் வாய்ப்பு 8,543இல் 1 என்று கொண்டு, அதை அதனாலேயே பெருக்கி, ஏறத்தாழ 7.3 கோடியில் 1 என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. அவர் குற்றவாளியெனத் தீர்ப்பாகிச் சிறை சென்றார். 2003இல் அந்தத் தீர்ப்பு ரத்தானது. இரண்டு குழந்தைகளும் ஒரே பெற்றோரின் மரபணுக்களைப் பெற்று ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். அவர்களின் இறப்புகளைச் சார்பிலாதவை என்று கொள்வதற்கு எந்த ஆதாரமும் அங்கே தரப்படவில்லை.