முதல் முறையாக பூத் தலைமை அலுவலர் ஆகிறீர்களா? வாக்குப்பதிவு நாளை இப்படி நடத்துங்கள்

பயிற்சி வகுப்பில் கையேட்டைக் கொடுத்து, இயந்திரத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஆனால் நீங்களும் மூன்று அலுவலர்களும் ஒரு வகுப்பறையில் நிற்க, வாசலில் வரிசை நீள ஆரம்பிக்கும்போது, எதை முதலில் செய்வது, எதில் அவசரமே காட்டக் கூடாது என்பதை யாரும் பக்கத்தில் நின்று சொல்லித் தர மாட்டார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பூத்தில் காலையிலிருந்து மாலை வரை செய்கிற எல்லா வேலையும் கடைசியில் ஒரு கணக்கில் வந்து நிற்கும்: ஓட்டுப் போட வருபவர்களைப் பதியும் 17ஏ பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனை பேர், ஓட்டுகளைச் சேமிக்கும் கன்ட்ரோல் யூனிட் காட்டும் மொத்தம் எவ்வளவு. இந்த இரண்டையும் நாள் முழுக்க விடாமல் பார்த்துக்கொண்டே போனால் மாலையில் நிம்மதியாகப் பெட்டியை மூடலாம்.

முந்தைய நாள்

பொருட்கள் வழங்கும் மையத்தில் கூட்டமும் சத்தமுமாக இருக்கும், பஸ் கிளம்பப் போகிறது என்று அவசரப்படுத்துவார்கள், ஆனாலும் உட்கார்ந்து சரிபார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும். கன்ட்ரோல் யூனிட், வாக்காளர் பொத்தான் அழுத்தும் பேலட் யூனிட், போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபாட் மூன்றின் எண்களும் உங்கள் பூத்துக்கு ஒதுக்கப்பட்ட எண்களோடு ஒத்துப்போகிறதா, வாக்காளர் பட்டியலின் குறியிடும் பிரதியில் பாகம் எண் உங்களுடையதுதானா, பக்கங்கள் எல்லாம் இருக்கின்றனவா, துணைப் பட்டியலில் நீக்கப்பட்ட பெயர்கள் அடிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். டெண்டர் ஓட்டுக்கான தாள்கள் (தன் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டதாகச் சொல்பவருக்குத் தருவது), அம்புக்குறி ரப்பர் ஸ்டாம்ப், பச்சைக் காகித முத்திரை, மை பாட்டில் இவற்றையும் எண்ணிக்கொள்ளுங்கள். ஏதாவது குறைந்தால் அங்கேயே கேட்டு வாங்குவது எளிது, ராத்திரி பத்து மணிக்கு மண்டல அலுவலரை போனில் தேடுவது கஷ்டம்.

பூத்துக்குப் போனதும் மேசைகளை அன்று மாலையே போட்டுவிடுங்கள். வாக்காளர் ஒரு வாசலில் நுழைந்து, முதல் அலுவலர், இரண்டாம் அலுவலர், மூன்றாம் அலுவலர் என்று திரும்பி நடக்காமல் போய், ஓட்டுப் போட்டு வெளியேற வேண்டும். ஒரே கதவு என்றால் நடுவில் கயிறு கட்டிக்கொள்ளலாம். மறைப்புத் தட்டியை ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள், ரகசியம் போய்விடும். விவிபாட் மேல் வெயிலோ பளிச்சென்ற விளக்கோ நேராக விழுந்தாலும் அது மக்கர் செய்யும். இரவில் இயந்திரங்களை இணைத்துச் சோதித்துப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். காலையில் வேட்பாளர்களின் முகவர்கள் முன்னால்தான் திறக்க வேண்டும்.

காலை ஒன்றரை மணி நேரம்

என்னைக் கேட்டால் முழு நாளிலும் முக்கியமான நேரம் இதுதான். ஏழு மணிக்கு வாக்குப்பதிவு என்றால் ஐந்தரைக்கு மாதிரி வாக்குப்பதிவு தொடங்க வேண்டும். முகவர்கள் கொண்டுவரும் நியமனப் படிவம் 10-இல் உள்ள கையெழுத்தை, உங்களிடம் கொடுத்திருக்கும் வேட்பாளரின் மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டு உட்கார வையுங்கள். குறைந்தது இரண்டு வேட்பாளர்களின் முகவர்களாவது இருக்க வேண்டும். வரவில்லை என்றால் 15 நிமிடம் பாருங்கள், அப்புறமும் வராவிட்டால் நடத்திவிட்டு அதைக் குறித்துவையுங்கள். மாதிரி வாக்குப்பதிவு இல்லாமல் உண்மையான வாக்குப்பதிவு கிடையாது.

குறைந்தது 50 ஓட்டு, நோட்டா உட்பட எல்லா வேட்பாளருக்கும் விழ வேண்டும். யார் யாருக்கு எத்தனை என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். அப்புறம் கன்ட்ரோல் யூனிட்டில் குளோஸ், ரிசல்ட், கிளியர் பொத்தான்கள், இதே வரிசையில். ரிசல்ட்டையும் விவிபாட் சீட்டுகளையும் உங்கள் தாளையும் ஒப்பிட்டுக் காட்டுங்கள். அடுத்து வரும் கிளியர் பொத்தானைத்தான் சில பூத்களில் பரபரப்பில் மறந்துவிடுகிறார்கள். மறந்தால் மாதிரி ஓட்டும் மக்கள் போட்ட ஓட்டும் ஒன்றாகக் கலந்து, எண்ணும் நாளில் அந்த இயந்திரத்தைத் தனியாக ஒதுக்கி வைக்கும் நிலை வரும். எனவே கிளியர் செய்தபின் டோட்டல் பொத்தானை அழுத்தி, பூஜ்யம் வருவதை ஒவ்வொரு முகவரும் தன் கண்ணால் பார்க்கட்டும். விவிபாட் பெட்டியைத் திறந்து சீட்டுகளை எடுத்து, பின்பக்கம் மாதிரி ஓட்டு என்ற முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு மூடி, காலிப் பெட்டியையும் எல்லோருக்கும் காட்டிவிடுங்கள். உள்ளே ஒரு சீட்டுகூட ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

அதன் பிறகு முத்திரை வேலை. பச்சைக் காகித முத்திரையின் வரிசை எண்ணை எழுதிவைத்து, நீங்களும் முகவர்களும் கையெழுத்திட்டு, ரிசல்ட் பகுதியில் பொருத்தி, ஸ்பெஷல் டேக், அப்புறம் வெளிப்புற ஸ்ட்ரிப் சீல். முகவர்களை எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு யாராவது சந்தேகம் கிளப்பினால் அவர்கள் கையில் இருக்கும் அந்த எண்ணே பதில் சொல்லும்.

வரிசை நகரும்போது

முதல் அலுவலர் பெயரையும் வரிசை எண்ணையும் முகவர்கள் காதில் விழும்படி உரக்கப் படிக்க வேண்டும். பூத் சிலிப்பை மட்டும் காட்டினால் போதாது. வாக்காளர் அட்டை, இல்லாவிட்டால் ஆதார், ஓட்டுநர் உரிமம், பான் அட்டை, பாஸ்போர்ட், புகைப்படம் ஒட்டிய வங்கி அல்லது தபால் நிலையப் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை போன்று ஆணையம் அனுமதித்த ஆவணங்களில் ஒன்று வேண்டும். அதேசமயம் அட்டையில் பெயருக்கு ஒரு எழுத்து மாறியிருக்கிறது, வயதில் ஒன்றிரண்டு வித்தியாசம் என்று யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள். நிற்பவர் அவர்தானா என்பதுதான் கேள்வி. கையில் அட்டை இருந்தும் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் மட்டும் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது, அதை அவரிடம் மரியாதையாகச் சொல்லி, பக்கத்து பாகத்தில் இருக்கிறதா என்று பார்க்க வாசலில் இருக்கும் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் அனுப்புங்கள்.

ஆண் என்றால் பட்டியலில் அந்தப் பதிவின் குறுக்கே சாய்வாகச் சிவப்புக் கோடு, பெண் என்றால் கோட்டோடு வரிசை எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். இதை ஒழுங்காகச் செய்தால்தான் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கேட்கும் ஆண், பெண் கணக்கு உடனே கிடைக்கும்.

இரண்டாம் அலுவலரிடம் வேலை அதிகம், அங்கே கைவேகமான ஒருவரை உட்கார வையுங்கள். இடது கை ஆள்காட்டி விரலில் நகத்தின் மேல்முனையிலிருந்து முதல் கணு வரை மை இழுக்க வேண்டும். விரலில் எண்ணெய்ப் பசை இருந்தால் துடைத்துவிட்டு இழுக்கச் சொல்லுங்கள். மை வைத்த பிறகு 17ஏ-யில் கையெழுத்து வாங்கினால், வெளியே போவதற்குள் காய்ந்துவிடும். கையெழுத்தோ கைரேகையோ போட மறுத்தால் ஓட்டுப் போட விட முடியாது.

மூன்றாம் அலுவலர், இரண்டாம் அலுவலர் எழுதிக் கொடுத்த வாக்காளர் சீட்டை வாங்கி, விரலில் மையைப் பார்த்து, 17ஏ வரிசைப்படியே கன்ட்ரோல் யூனிட்டின் பேலட் பொத்தானை அழுத்த வேண்டும். முன்னவர் மறைப்பை விட்டு வெளியே வராமல் அடுத்தவருக்கு அழுத்தக் கூடாது. விவிபாட்டில் சீட்டு 7 நொடி தெரிந்து, பிறகு உள்ளே விழும், அதற்குப் பின்னால்தான் பீப் சத்தம் முடியும். வயதானவர்கள் பொத்தானை லேசாகத் தொட்டுவிட்டு வந்துவிடுவார்கள், பிஸி விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அப்போது கோபப்படாமல், சத்தம் வரும்வரை அழுத்துங்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் போதும். உதவுகிறேன் என்று நீங்களோ முகவரோ மறைப்புக்குள் நுழையவே கூடாது. எப்படிப் போடுவது என்று தெரியாதவருக்கு வெளியே பேலட் யூனிட்டின் அட்டை மாதிரியை வைத்து விளக்கிக் காட்டுங்கள்.

பார்வையற்றோரும், தானாகப் பொத்தான் அழுத்த முடியாத அளவு உடல் நலிந்தோரும் 18 வயது நிரம்பிய ஒரு துணையை அழைத்து வரலாம். துணையாக வருபவரிடம் உறுதிமொழி வாங்கி, படிவம் 14ஏ-யில் எழுதி, அவருடைய வலது கை ஆள்காட்டி விரலில் மை வைக்க வேண்டும். ஒருவர் ஒருவருக்குத்தான் துணை. ஒரே ஆள் தெருவில் உள்ள பாட்டிகளை எல்லாம் வரிசையாக அழைத்து வந்தால் தயங்காமல் நிறுத்துங்கள். எழுதப் படிக்கத் தெரியாது என்பது துணை வைத்துக்கொள்ளக் காரணமே இல்லை, அவர்களுக்காகத்தான் சின்னம் இருக்கிறது. முதியோர், மாற்றுத்திறனாளிகள், கைக்குழந்தையோடு வரும் பெண்கள் வரிசையில் நிற்க வேண்டாம், நேராக உள்ளே விடுங்கள்.

வாக்குவாதம் வரும் இடங்கள்

என் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டார்கள் என்று ஒருவர் வந்து நிற்பார். அவரை அனுப்பிவிடாதீர்கள். கேள்விகள் கேட்டு, அவர்தான் உண்மையான வாக்காளர் என்று திருப்தி அடைந்தால் விதி 49பி-யின்படி டெண்டர் ஓட்டு கொடுக்க வேண்டும். அது இயந்திரத்தில் விழாது. டெண்டர் ஓட்டுப் பட்டியலான 17பி-யில் கையெழுத்து வாங்கி, தாளைக் கொடுத்து, அம்புக்குறி ஸ்டாம்ப்பால் குறியிடச் சொல்லி, தனி உறையில் வைக்க வேண்டும். பெயரைப் பட்டியலில் வைத்துக்கொண்டு ஓட்டுப் போட முடியாமல் ஒரு மனிதர் வீட்டுக்குப் போவது எனக்கு மனம் ஒப்பாத விஷயம், அதனால் இந்த ஒரு பகுதியையாவது கையேட்டில் இரண்டு முறை படித்துவிட்டுப் போங்கள்.

வந்திருப்பவர் அவர் இல்லை என்று ஒரு முகவர் சொன்னால், 2 ரூபாய் கட்டச் சொல்லி ரசீது கொடுத்து, சேலஞ்ச் ஓட்டாக எடுத்து அங்கேயே விசாரியுங்கள். நிரூபிக்க வேண்டிய பொறுப்பு முகவருடையது. ஆள்மாறாட்டம் என்று உறுதியானால் எழுத்து மூலமான புகாரோடு போலீஸிடம் ஒப்படையுங்கள்.

நான் அழுத்தியது ஒன்று, சீட்டில் வந்தது வேறு என்று யாராவது சொன்னால் பதற வேண்டாம், கத்தவும் வேண்டாம். பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டு என்பதை விளக்கி, எழுத்தில் உறுதிமொழி வாங்கி, முகவர்கள் முன்னிலையில் ஒரு சோதனை ஓட்டுப் போடச் சொல்லுங்கள். புகார் உண்மை என்றால் வாக்குப்பதிவை நிறுத்தி தேர்தல் நடத்தும் அலுவலருக்குத் தகவல் சொல்லுங்கள். தவறு என்றால் எந்த வேட்பாளருக்குச் சோதனை ஓட்டு விழுந்தது என்று 17ஏ-யில் குறித்துவையுங்கள், மாலையில் ஓட்டுக் கணக்குப் படிவமான 17சி-யில் கழிக்க வேண்டும். கணக்கு இடிப்பது பெரும்பாலும் இந்த மாதிரி ஒற்றை ஓட்டுகளால்தான். கையெழுத்துப் போட்டபின் ஓட்டு வேண்டாம் என்று போனவரும் இதே கணக்கில் வருவார்.

விவிபாட் மட்டும் பழுதானால் அதை மட்டும் மாற்றினால் போதும். கன்ட்ரோல் யூனிட்டோ பேலட் யூனிட்டோ கெட்டால் மொத்த செட்டையும் மாற்றி, எல்லா வேட்பாளருக்கும் நோட்டாவுக்கும் ஒவ்வொரு ஓட்டு என மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, மறுபடியும் கிளியர் செய்துவிட்டுத் தொடர வேண்டும். எதைக் கழற்றினாலும் முதலில் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

தலைமை அலுவலர் நாட்குறிப்பை மாலையில் உட்கார்ந்து எழுதலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். நடந்தது நடந்த நேரத்தில் ஏற வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை டோட்டல் அழுத்தி 17ஏ-யின் கடைசி எண்ணோடு ஒப்பிடுங்கள், பிஸி விளக்கு அணைந்திருக்கும்போது.

முடிக்கும் நேரம்

முடிவு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வெளியே போய் அறிவித்துவிட்டு, மணி ஆனதும் வரிசையின் கடைசி ஆளிலிருந்து ஆரம்பித்து முன்பக்கமாக, உங்கள் கையெழுத்திட்ட எண் சீட்டுகளைக் கொடுத்துக்கொண்டே வாருங்கள். முன்னாலிருந்து கொடுத்தால் பின்னால் ஆள் சேர்ந்துகொண்டே இருப்பார்கள். சீட்டு வாங்கியவர் எல்லோரையும், எவ்வளவு நேரமானாலும், ஓட்டுப் போட விட்டே ஆக வேண்டும்.

கடைசி ஆள் முடித்ததும் முகவர்கள் முன்னால் குளோஸ். மொத்தத்தை 17சி-யில் எழுதி, கையெழுத்திட்ட நகலைக் கேட்காமலேயே ஒவ்வொரு முகவருக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். விவிபாட்டின் பேட்டரியைக் கழற்ற வேண்டும், கன்ட்ரோல் யூனிட்டின் பேட்டரியைத் தொடக் கூடாது. பெட்டிகளை மூடி முகவரி அட்டை கட்டி முத்திரை வைக்கும்போது முகவர்கள் தங்கள் முத்திரையையும் வைக்க விரும்பினால் விடுங்கள்.

உறைகளில்தான் களைப்பில் தவறு நடக்கும். ஒருவர் உறையின் மேல் எழுதியிருப்பதைப் படிக்க, இன்னொருவர் உள்ளே வைக்க, நீங்கள் பார்த்து ஒட்டுங்கள். 17சி-யையும் நாட்குறிப்பையும் வேறு உறைக்குள் போட்டு மூடிவிடாமல் கையிலேயே வைத்திருங்கள், சேகரிப்பு மையத்தில் அவற்றைத்தான் முதலில் கேட்பார்கள். அங்கே இயந்திரத்தை ஒப்படைத்து ரசீது வாங்கி, பூத் எண்ணும் இயந்திர எண்களும் அதில் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கும்வரை உங்கள் மூன்று அலுவலர்களையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.