பத்துமலைக் காவடி ஷாட்டை 3டி ஆக்குவது எப்படி

சாதாரண கேமராவில் எடுத்த ஷாட்டை ஸ்டீரியோவாக, அதாவது இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று என இரு படங்களாக மாற்ற உட்காரும் முன், அது எந்தத் திரையில் ஓடப்போகிறது என்று கேட்டுவிடுங்கள். 10 மீட்டர் அகலத் திரையில் 2048 பிக்சல் படத்தைப் போட்டால் ஒரு பிக்சல் ஏறத்தாழ 4.9 மி.மீ. பெரியவர்களின் இரு கண்மணிகளுக்கு இடையே சராசரியாக 63 முதல் 65 மி.மீ. தூரம். ஆக, இரு படங்களுக்கும் இடையே பின்னணி 13 பிக்சலைத் தாண்டி விலகினால் கண்கள் வெளிப்பக்கம் பிரிய வேண்டிவரும், தலைவலிதான் மிச்சம். பிள்ளைகளுக்குக் கண் இடைவெளி இன்னும் குறைவு, அதனால் 10 பிக்சலோடு நிறுத்துவது நல்லது. அதே கோப்பை 55 அங்குல டிவியில் ஓட்டினால் அந்த 10 பிக்சல் வெறும் 6 மி.மீ.; படம் தட்டையாகிவிடும். டிவிக்குத் தனி ரெண்டர் (இறுதிப் படத்தைக் கணினியில் உருவாக்குவது) கட்டாயம்.

தைப்பூசத்தன்று மலேசியாவின் பத்துமலை அடிவாரத்தில் எடுத்த ஷாட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்னால் மயில்தோகைக் காவடி, நடுவே கூட்டம், பின்னால் 272 படிகளும் முருகன் சிலையும். முதலில் கிரெயினை (படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகளை) நீக்குங்கள், கடைசியில் திரும்பச் சேர்க்கலாம். நீக்காமல் விட்டால் கிரெயின் முகத்தோடு ஒட்டி நகரும்.

அடுத்தது ரோட்டோ, அதாவது உருவங்களை பிரேம் பிரேமாகக் கோடு சுற்றி வெட்டிப் பிரிப்பது. காவடி எடுப்பவரை ஒரே கோட்டில் சுற்றி வெட்டாதீர்கள். தலை, உடல், ஒவ்வொரு கை, காவடிச் சட்டம் என்று பிரித்து வெட்டுங்கள். தோகைகளை ஒவ்வொன்றாக வெட்ட யாராலும் முடியாது. ஆழத்தைப் பார்த்து மூன்று நான்கு அடுக்காகப் பிரித்து, இழைகளை மட்டும் லூமா கீயில் (வெளிச்ச வேறுபாட்டை வைத்துப் பிரிக்கும் முறையில்) எடுங்கள். டெப்த்துக்கான (ஆழத்துக்கான) மேட்டை, அதாவது வெட்டிய உருவத்தின் வடிவத்தை, 1 அல்லது 2 பிக்சல் வெளியே விரித்துவிட வேண்டும். இல்லையென்றால் விளிம்பு நிறம் பின்னணியிலேயே தங்கி, ஆளைச் சுற்றி ஒளிவட்டம் கட்டும். முருகனுக்கு அது இருக்கலாம், காவடிக்காரருக்கு வேண்டாம்.

டெப்த் மேப் (எந்தப் பிக்சல் எவ்வளவு ஆழத்தில் என்று சொல்லும் சாம்பல்நிறப் படம்) 16 பிட்டுக்குக் குறையக்கூடாது. 8 பிட்டில் 256 படிநிலைகள்தான். மென்மையான சரிவு வரிவரியாக உடையும். முகத்துக்குத் தலை மாடல் ஒன்றை டிராக் செய்து (அசைவோடு ஒட்டி நகரவைத்து), மூக்கிலிருந்து காதுவரை சரிவு கொடுங்கள், இல்லாவிட்டால் அட்டையில் வெட்டி நிறுத்திய ஆள் மாதிரி இருப்பார். சிலைக்கு நேர் எதிர். 42.7 மீட்டர் உயரச் சிலை தூரத்தில் நிற்கும்போது அதற்குள் ஆழ வேறுபாடு கிட்டத்தட்ட இல்லை. ஆசைப்பட்டு உருட்சி கொடுத்தால் சிலை சிறுத்துப் போகும். புதியவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இதுதான்.

மூல ஷாட்டை இடக்கண்ணாக வைத்தால், வலக்கண் படத்தில் ஒவ்வொரு பொருளின் வலது ஓரத்திலும் ஓட்டை விழும். காவடி திரைக்கு முன்னே 8 பிக்சல், பின்னணி உள்ளே 8 பிக்சல் என்றால் ஓட்டை 16 பிக்சல். அதை அடைக்கச் சுத்தமான பின்னணித் தட்டு (முன்னால் நிற்பவர் இல்லாத பின்னணிப் படம்) தேவை. கூட்டம் அசைவதால் ஒரே பிரேமை நிறுத்தி ஒட்ட முடியாது. முன்பின் பிரேம்களிலிருந்து எடுத்து, டிராக் செய்து ஒட்டுங்கள். நேரம் கொடுக்கும்போது ரோட்டோவுக்கும் இப்படி ஓட்டை அடைக்கும் பெயிண்டுக்கும்தான் தாராளமாக ஒதுக்க வேண்டும். மூலத்தை நடுவில் வைத்து இரு கண்களையும் உருவாக்கினால் ஓட்டை பாதியாகும், ஆனால் இரண்டிலும் பெயிண்ட் வேலை வரும்.

சாம்பிராணிப் புகையை ரோட்டோ செய்யாதீர்கள். கீ எடுத்து, பின்னால் சுத்தமான தட்டு வைத்து, தனி ஆழத்தில் மேலே சேருங்கள். புகையைப் பின்னணி ஆழத்திலேயே விட்டால் சுவரில் பூசியது போலத் தெரியும்.

திரைக்கு முன்னே வரும் காவடி பிரேமின் இடது ஓரத்தில் வெட்டுப்பட்டால், இடக்கண் படத்தின் இடது ஓரத்தைச் சில பிக்சல் கறுப்பால் மறையுங்கள். வலது ஓரமென்றால் வலக்கண் படத்தில்.

சோதிக்கும்போது இரு கண்களையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள். துடிக்கும் விளிம்பு உடனே காட்டிக்கொடுக்கும். சிவப்பு-சியான் கண்ணாடி அவசரத்துக்குச் சரி, அனுமதி கொடுப்பது 3டி திரையில் மட்டும். கொடுக்கும் முன் இடம் வலம் மாறவில்லையே என்று கோப்புப் பெயர்களை ஒருமுறை பாருங்கள். மாறியிருந்தால் படிகள் காவடிக்கு முன்னே வந்து நிற்கும்.