மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ': முதன்முறை கேட்பவர்களுக்கான வழிமுறை

ஜாஸ் இசைக்குள் நுழைபவர்கள் பலர் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் இந்த இசைத்தட்டில்தான் தொடங்குகிறார்கள். ஆனால் வேறு வேலைக்கு நடுவே ஓடவிட்டு, இதமாக இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. ஸ்வர வரிசை மாறும் இடங்களில்தான் இதன் உயிர் இருக்கிறது. அவற்றைப் பிடிக்கக் காதைப் பழக்க வேண்டும்.

படி 1: பதிப்பைத் தேர்ந்தெடுங்கள்

1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டே நாள்களில், நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் 30ஆம் தெரு ஸ்டுடியோவில் இது பதிவானது. முதல் நாள் பதிவுக் கருவி சற்று மெதுவாக ஓடியதால், அன்று பதிவான மூன்று உருப்படிகளும் இசைத்தட்டில் சிறிது வேகமாகவும் உயர்ந்த சுருதியிலும் ஒலித்தன. இக்குறை 1992இல்தான் திருத்தப்பட்டது. அதன்பின் வந்த திருத்திய பதிப்பே நம் பயிற்சிக்கு ஏற்றது.

படி 2: 'சோ வாட்'

சுருதிப் பெட்டியை இரண்டு கட்டையில் வையுங்கள் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைக் குறிக்கும் அளவு). பியானோவும் பாஸும் (தாழ்ந்த ஒலி தரும் பெரிய தந்தி வாத்தியம்) தாளக்கட்டின்றி இசைக்கும் முன்னுரை முடிந்ததும், பால் சேம்பர்ஸின் பாஸ் மெட்டைத் தொடங்க, மற்றவர்கள் இரண்டு ஒலிகளில் பதில் சொல்வார்கள். அங்கிருந்து நான்கு நான்காக எண்ணுங்கள்; ஒவ்வொரு நான்கும் ஓர் ஆவர்த்தம். பதினாறு ஆவர்த்தம் இரண்டு கட்டையில் நிற்கும். அடுத்த எட்டு இரண்டரைக் கட்டைக்கு ஏறும். கடைசி எட்டு மீண்டும் இரண்டுக்கு இறங்கும். இந்த 32 ஆவர்த்தமே ஒரு சுற்று. ஸ்வரங்கள் கர்நாடக இசையின் கரகரப்ரியா ராகத்தினுடையவை, ஆயினும் கமகங்களை (ஸ்வரங்களை அசைத்துப் பாடும் முறையை) எதிர்பார்த்து இதை ராகமாகத் தேட வேண்டாம்.

உருப்படி தொடங்கி ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்தில் டிரம்ஸ் கலைஞர் ஜிம்மி காபின் சிம்பல் அதிர, டேவிஸின் தனி வாசிப்பு தொடங்குகிறது. இரண்டு சுற்றுகள் நீளும் அதில் அவர் விடும் மௌனங்களையும் எண்ணிக்கையில் சேருங்கள். பின்பு சாக்ஸஃபோன் கலைஞர்களான ஜான் கோல்ட்ரேன், கேனன்பால் ஆடர்லி இருவரும் அதே இரண்டிரண்டு சுற்றுகளை எவ்வளவு நெருக்கமாக நிரப்புகிறார்கள் என்று கவனியுங்கள். எண்ணிக்கை தவறினால் கவலைப்படாமல், சுருதி ஏறும் இடத்துக்காகக் காத்திருங்கள்; அது உங்களை மீண்டும் சேர்த்துக்கொள்ளும்.

படி 3: 'ஆல் ப்ளூஸ்'

இங்கே ஆறு ஆறாக எண்ணுங்கள். ஐந்து கட்டையில், அடிப்படையில் ஹரிகாம்போதி ராகத்தின் ஸ்வரங்களோடு நகரும் 12 ஆவர்த்த ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை வடிவம்) இது. 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்' உருப்படியும் 12 ஆவர்த்த ப்ளூஸ்தான். அதில் மட்டும் பில் எவன்ஸுக்குப் பதிலாக வின்டன் கெல்லி பியானோ வாசிக்கிறார். 'ப்ளூ இன் கிரீன்' உருப்படியை இப்போதைக்கு எண்ணாமல் கேளுங்கள்.

படி 4: 'ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்'

இதற்கு எழுதிவைத்த மெட்டு இல்லை. ஐந்து ஸ்வர வரிசைகள் மட்டுமே உண்டு. ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் தங்குவது என்பதை வாசிப்பவரே முடிவு செய்கிறார். தாளில் ஒவ்வொரு கலைஞரின் பெயரையும் எழுதி, வரிசை மாறும்போதெல்லாம் ஒரு கோடு இடுங்கள். நான்காவது வரிசையின் ஸ்பானிய நிறம் தனித்துத் தெரியும் என்பதால், முதலில் அதைப் பிடித்து, மற்றவற்றை அதற்கு முன்னும் பின்னுமாகத் தேடுவது எளிது.